ஏரிக்கரைப் புறம்போக்கு



ஊருக்கு நல்ல காரியம் ஒன்று தமக்குப் பின்னும் தடையின்றி நடந்துவர வேண்டும் என்று கருதித் தம் சம்பாத்தியத்தில் ஒரு பகுதியைப் பிரித்து எழுதிவைத்த ஒரு மனிதரின் பெயரால் இன்று இங்கே கூடியிருக்கிறோம். எழுதியவர் மறைந்தும் எழுத்து நின்று காரியம் செய்வதே அறக்கட்டளை என்பதன் பொருள். வட அமெரிக்க நகரங்களின் அமைப்பையும் வாழ்க்கையையும் குறித்து உரையாற்றும்படி நீங்கள் என்னைப் பணித்தபோது, அந்நகரங்களின் வானளாவிய மாளிகைகளைப் பற்றிப் பேசுவதா, சாலைகளைப் பற்றிப் பேசுவதா என்று சில நாட்கள் யோசித்துவிட்டு, இவ்வவைக்குப் பொருத்தமாக, அங்கேயும் அவ்வாறு எழுதிவைக்கப்பட்ட ஒரு வரியின் சரித்திரத்தையே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். 1836ஆம் ஆண்டில், அப்போது சில ஆயிரம் ஜனங்களே வாழ்ந்த சிகாகோ என்னும் சிற்றூரின் மனைப் படத்தில், ஏரிக்கரையை ஒட்டிய வெற்றிடத்தின் மேல் அந்த வரி எழுதப்பட்டது. இது பொது நிலம், இதன்மீது கட்டடம் எதுவும் எழலாகாது, தடையேதுமின்றி என்றென்றும் இது திறந்தே கிடக்கவேண்டும் என்பது அதன் கருத்து.

நம் வருவாய்க் கணக்கில் இதற்கு ஒரு சொல் உண்டு. புறம்போக்கு என்பது அது. வரி கட்டும் பட்டா நிலங்களுக்குப் புறத்தே, ஒருவருக்கும் தனியுரிமை இல்லாமல், ஆகவே எல்லோருக்கும் உரியதாய் விடப்பட்ட மந்தை, களம், ஓடை, வண்டிப்பாதை, சுடுகாடு ஆகியவற்றைக் குறித்த சொல் அது. அருமையான அச்சொல் நம் தெருக்களில் இன்று வசவாக வழங்குவதை நினைக்குந்தோறும் எனக்கு மனம் நோகிறது. சொல் தாழ்ந்தபோதே நிலமும் தாழ்ந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். சிகாகோவின் ஏரிக்கரையைப் பற்றி எண்ணும்போது எனக்கு முதலில் வாயில் வருவது இந்தத் தமிழ்ச் சொல்லே.

அந்நகரின் மிச்சிகன் அவென்யூ என்னும் பெருஞ்சாலையில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நடப்பவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. இடக்கைப் பக்கம் கல்லும் செங்கல்லும் சுட்டமண் ஓடும் கொண்டு எழுந்த மாளிகைகள், தோளோடு தோள் நெருக்கி, ஒன்றுக்கொன்று இடம் விடாமல், ஒரு கோட்டைச் சுவரைப்போல் மைல் கணக்கில் நீள்கின்றன. வலக்கைப் பக்கமோ புல்லும் மரமும் அவற்றுக்கு அப்பால் நீரும் வானமுமே அன்றி வேறில்லை. கிழக்கே கண் சென்று முட்டிக்கொள்வதற்கு ஒரு சுவர்கூடக் கிடையாது. 300 மைலுக்கு மேல் நீண்டு, மறுகரை புலப்படாமல் அலையெறியும் அந்த மிச்சிகன் ஏரியைக் கடல் என்றே ஒருவன் கருதிவிடலாம், உப்பு மணம் இல்லாத குறை ஒன்றே. உலகத்தின் பெருநகரங்களில் மிகுந்த விலைபோகக்கூடிய மனைகள் அந்த வலக்கைப் பக்கத்தில்தான் கிடக்கின்றன. ஆயினும் அவை விலைபோகவில்லை. ஏன் விலைபோகவில்லை என்பதே இன்றைய சொற்பொழிவின் விஷயம்.

அந்த வரியை எழுதியவர்கள் கவிஞர்களோ தத்துவ ஞானிகளோ அல்லர். கால்வாய் வெட்டுவதற்காக நியமிக்கப்பட்ட ஆணையர்கள். மிச்சிகன் ஏரியையும் இல்லினாய்ஸ் நதியையும் இணைத்து, அதன் வழியே மிசிசிப்பி நதிக்கும் நீர்வழி காண்பதற்கான கால்வாய்க்குப் பணம் வேண்டியிருந்தது. அப்பணத்தைத் திரட்டும்பொருட்டு அரசு அளித்த நிலங்களை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். ஏரியை நோக்கிய மனைகளுக்கு எதிரே எக்காலத்தும் கட்டடம் எழாது என்று படத்திலேயே வாக்களித்தால் விலை ஏறும் என்ற வியாபார யுக்தியும் அவர்களுக்கு இருந்திருக்கலாம். அதனால் ஒன்றும் குறைவில்லை. மனையை வாங்கியவர்கள் அந்த வாக்குறுதியையும் சேர்த்தே விலைகொடுத்து வாங்கினார்கள் என்பதுதான் பின்னால் நீதிமன்றத்தில் அந்த வரிக்கு உயிர் கொடுத்தது. பொது நிலத்தைக் காப்பாற்ற வந்தது, எதிர்வரிசை மனைக்காரன் ஒருவனின் தனிச் சொத்துரிமை! சரித்திரத்தின் விசித்திரங்களுள் இதுவும் ஒன்று.

வரி எழுதியாயிற்று, ஊர் அதை மறந்தும் போயிற்று. 1833இல் ஏறத்தாழ 350 பேர் இருந்த ஊரில் 1890இல் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள் என்றால், அந்த வேகத்தில் மனைப்படத்தின் ஓரத்து எழுத்தைப் படிப்பதற்கு எவருக்குப் பொழுது இருக்கும்? ஏரியின் அலைகள் கரையை அரித்துக்கொண்டிருந்தன. அலைதடுப்பு கட்டுவதற்கு நகரசபையிடம் பணம் இல்லை. 1852இல், அலைதடுப்பைத் தாங்களே கட்டித் தருவதாக ஏற்றுக்கொண்ட இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வே கம்பெனிக்கு, கரையோரமாக நீருக்குள்ளேயே மரக்கால்கள் நாட்டி அவற்றின்மேல் தண்டவாளம் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். 1871 அக்டோபரில் மூன்று நாள் எரிந்த பெருந்தீயில் நகரத்தின் மையம் முழுவதும் சாம்பலாகி, ஏறத்தாழ 300 பேர் மாண்டு, ஒரு லட்சம் பேர் வீடிழந்து நின்றபோது, இடிபாடுகளை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு விடையாக அமைந்தது, தண்டவாளத்துக்கும் பழைய கரைக்கும் இடையே தேங்கிக் கிடந்த நீர்ப்பரப்பு. கரிந்த செங்கல்லையும் உருகிய இரும்பையும் வண்டி வண்டியாக அதில் கொட்டினார்கள். இன்று கிராண்ட் பார்க் என்று பெயர் விளங்கும் அந்தப் பூங்காவின் புல்லுக்குக் கீழே பழைய சிகாகோவின் ஒரு பகுதி புதைந்து கிடக்கிறது.

இதற்கிடையே இன்னொரு காரியமும் நடந்தது. 1869இல் இல்லினாய்ஸ் மாநிலச் சட்டசபை, துறைமுகத்தை ஒட்டி ஏரியின் அடிநிலம் 1,000 ஏக்கருக்கு மேல், கரையிலிருந்து ஒரு மைல் தூரம்வரை, அந்த ரயில்வே கம்பெனிக்கே எழுதிக் கொடுத்துவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து அச்சட்டத்தைத் தானே ரத்து செய்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று 1892இல் முடிவாயிற்று. கப்பலோட்டுவதற்கும் மீன் பிடிப்பதற்கும் ஜனங்களுக்கு உள்ள உரிமையின்பொருட்டு அந்த நீரடி நிலத்தை அரசு ஒரு தர்மகர்த்தாவைப்போல் வைத்திருக்கிறதே அன்றிச் சொத்துக்காரனைப்போல் வைத்திருக்கவில்லை. ஆதலால் அதை ஒட்டுமொத்தமாக ஒரு கம்பெனிக்குத் தத்தம் செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை என்று நீதிபதிகளில் பெரும்பான்மையோர் கூறினார்கள். நான்குக்கு மூன்று என்னும் சிறிய பெரும்பான்மைதான். ஆயினும் அந்தத் தீர்ப்பின் கருத்து ஒரு நூற்றாண்டு கடந்து நம் நாட்டுக்கும் வந்துசேர்ந்தது. இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் நதியின் கரையை ஒரு தங்கும் விடுதிக்காக வளைத்துக்கொண்ட வழக்கில், 1996 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் இந்தச் சிகாகோ வழக்கை எடுத்துக்காட்டி, பொதுப் பொறுப்புக் கோட்பாடு இந்தியச் சட்டத்திலும் அடங்கியதே என்று தீர்ப்பளித்தது. அதன்பின் திருப்பதிக்கு அருகிலிருந்த இரண்டு ஏரிகளைப் பற்றிய வழக்கிலும் அக்கோட்பாடு பேசப்பட்டது. ஏரிகளைத் தூர்த்து வீட்டுமனையாக்கியே பழகிய நமக்கு, தூர இருக்கும் அந்த ஏரி தூரத்து உறவு ஆயிற்று.

இனி வார்டு என்பவரிடம் வருகிறேன். ஆரன் மான்ட்கமரி வார்டு ஒரு வியாபாரி. நாட்டுப்புறக் குடியானவர்களுக்குத் தபால் மூலமாகச் சரக்கு விற்கும் முறையை 1872இல், ஒரே தாளில் அச்சிட்ட விலைப்பட்டியலோடு தொடங்கிப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். கூட்டங்களுக்குப் போகாதவர், மேடையேறாதவர், பத்திரிகைக்காரர்களைக் கண்டால் ஒதுங்குபவர். அவருடைய வியாபார ஸ்தாபனம் மிச்சிகன் அவென்யூவில் ஏரியை நோக்கி நின்றது. அவருடைய ஜன்னலுக்கு எதிரே பொது நிலம் எந்த நிலையில் இருந்தது என்றால், குதிரை லாயங்களும், குப்பை மேடுகளும், உடைந்த வண்டிகளும், தகரக் கொட்டகைகளும், ரயில்வே கிடங்குகளுமாய் இருந்தது. 1890இல் ஒரு நாள் இக்காட்சியைப் பார்த்துச் சகிக்காமல் தம் வழக்கறிஞரை அழைத்து, இதை எவ்வாறேனும் அகற்றவேண்டும் என்று அவர் சொன்னதாகக் கதை வழங்குகிறது. பழைய மனைப்படத்தைத் தேடி எடுத்தார்கள். ஓரத்து வரி கண்ணில் பட்டது. அன்று தொடங்கிய வழக்கு ஒன்றாகி, இரண்டாகி, நான்கு முறை மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 20 ஆண்டுகள் நீடித்தது. நான்கிலும் அவரே ஜெயித்தார்.

குப்பையையும் லாயத்தையும் எதிர்த்தபோது அவரை எவரும் குறைகூறவில்லை. ராணுவக் கொட்டடியும் நகராட்சிக் கட்டடங்களும் அங்கே வரலாகாது என்று அவர் மறித்தபோது முணுமுணுத்தார்கள். உண்மையான சோதனை வந்தது, மறுக்கமுடியாத ஒரு நற்காரியம் அந்த நிலத்தைக் கேட்டு வந்தபோதுதான். மார்ஷல் ஃபீல்டு என்ற மற்றொரு பெருவணிகர் 1906இல் காலமானபோது, இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றுக்காக 80 லட்சம் டாலரை உயில் எழுதிவைத்துச் சென்றார். ஆறு ஆண்டுகளுக்குள் இலவசமாக நிலம் கிடைக்கவேண்டும் என்பது நிபந்தனை. அந்நாட்டின் கட்டடக் கலைஞர்களில் முதல்வர் என்று போற்றப்பட்ட டேனியல் பர்னம், எட்வர்ட் பென்னட் என்பவரோடு சேர்ந்து 1909இல் வெளியிட்ட சிகாகோ நகரத் திட்டத்தில், பூங்காவின் நட்டநடுவே அந்த அருங்காட்சியகத்தை ஒரு சலவைக்கல் கோயில்போல் வரைந்து வைத்தார். கலைக்கும் கல்விக்கும் எவன் குறுக்கே நிற்பான்? வார்டு நின்றார். பத்திரிகைகள் அவரைப் பொதுநலத்தின் சத்துரு என்றன. கிளப்புகளில் கூடும் கனவான்கள் அவரைப் பிடிவாதக்காரர் என்றார்கள். தாம் போராடுவது அந்நகரின் ஏழை ஜனங்களுக்காகவே, கோடீசுவரர்களுக்காக அன்று என்று அவர் ஒரே ஒருமுறை பத்திரிகைக்குப் பேட்டியளித்தபோது சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி மௌனமாகிவிட்டார். அருங்காட்சியகம் கடைசியில் பூங்காவுக்குத் தெற்கே, புதிதாக நிரப்பிய நிலத்தில் எழுந்து 1921இல் திறக்கப்பட்டது. அதைக் காண வார்டு உயிரோடு இல்லை, 1913இலேயே மறைந்துவிட்டார்.

நண்பர்களே, இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். பொது நிலத்தைத் திருடுபவன் கெட்டவனாக இருந்தால் அவனை எதிர்ப்பது எளிது. ஊரே திரண்டு நிற்கும். ஆனால் உலகெங்கும் பொது நிலம் பெரும்பாலும் நற்காரியங்களின் பெயராலேயே பறிபோகிறது. இன்றைக்கு ஒரு நூல்நிலையம், நாளைக்கு ஓர் ஆஸ்பத்திரி, அதன் மறுநாள் ஒரு மகானின் நினைவு மண்டபம் என்று, வேண்டாம் என்று சொல்ல நா எழாத காரியங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துவிட்டால், பத்தாவது காரியம் வரும்போது வெற்றிடம் என்பதே இராது. கட்டடத்துக்கு வாதாட வருபவர்கள் ஏராளம். அதற்கு முதலீட்டாளர் உண்டு, பொறியாளர் உண்டு, திறப்பு விழாவில் கத்தரி பிடிக்க மந்திரியும் உண்டு. ஒன்றும் இல்லாத இடத்துக்காக வாதாட வருபவன் எவன்? அந்த அபூர்வமான காரியத்தைச் செய்தவர் என்பதாலேயே வார்டை நான் இந்த மேடையில் நினைவுகூர்கிறேன்.

ஏரிக்கரையைக் காத்த அந்த வரிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. பூங்காவின் மேற்கு ஓரத்தில் கலைக்கழகம் என்ற கட்டடம், அடுத்திருந்த மனைக்காரர்களின் இசைவோடு 1893இல் எழுந்தது. அந்த ஆண்டு உலகக் கண்காட்சியை ஒட்டிச் சர்வமத மகாசபை கூடியது அக்கட்டடத்தில்தான். சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று திரட்டிய பணத்தில் கப்பலேறிய சுவாமி விவேகானந்தர், செப்டம்பர் 11ஆம் தேதி எழுந்து நின்று பேசியது அந்த விலக்கின் கூரைக்குக் கீழே. திருவல்லிக்கேணியில் சேர்ந்த சில்லறை அந்த ஏரிக்கரைவரை சென்றிருக்கிறது என்பதை அங்கே நின்று எண்ணியபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

நியூயார்க்கின் கதை வேறு. 1811இல் மன்ஹாட்டன் தீவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டு வகுத்த ஆணையர்கள், தீவைச் சுற்றிலும் நீர் இருப்பதால் திறந்தவெளி அதிகம் தேவையில்லை என்று கருதினார்கள். அரை நூற்றாண்டுக்குள் அந்தத் தவற்றை உணர்ந்து, சென்ட்ரல் பார்க்குக்காக நிலத்தை விலைகொடுத்து வாங்கவேண்டியதாயிற்று. அதற்காகச் செனக்கா வில்லேஜ் என்ற குடியிருப்பில் சொந்த வீடு கட்டி வாழ்ந்த கறுப்பின மக்களை 1857இல் அப்புறப்படுத்தவும் நேர்ந்தது. பூங்காவும் ஒரு நற்காரியந்தானே!

சிகாகோவைப் புகழ்ந்துகொண்டே போவது எனக்கு இயலாது. திறந்த கரை என்று படத்தில் எழுதியிருந்தது. யாருக்குத் திறந்தது என்று எழுதியிருக்கவில்லை. 1919 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை, கடும் வெயில். தெற்கே 25ஆம் தெருவின் எதிர்க்கரையில் கறுப்பர்களும் 29ஆம் தெருவின் எதிர்க்கரையில் வெள்ளையர்களும் குளிப்பது என்று, எந்தச் சட்டத்திலும் இல்லாத ஒரு வழக்கம் இருந்துவந்தது. மரக்கட்டைகளைப் பிணைத்த மிதவையில் தோழர்களோடு விளையாடிக்கொண்டிருந்த 17 வயதுக் கறுப்பின இளைஞன் ஒருவன், நீரில் எவராலும் காணமுடியாத அந்தக் கோட்டைக் கடந்து மிதந்துவிட்டான். கரையிலிருந்து ஒருவன் கல் எறிந்தான். இளைஞன் நீரில் மூழ்கி இறந்தான். எறிந்தவனைக் கைது செய்யப் போலீஸ்காரர் மறுத்தார். அதைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள். அவர்களில் 23 பேர் கறுப்பர்கள். வார்டு 20 ஆண்டுகள் போராடிக் காத்த ஏரி அது. அந்த இளைஞனுக்கு அது பொது நீராக இருக்கவில்லை.

அந்தக் கோடு பிறகு நீரிலிருந்து தரைக்கு வந்தது. நாட்டின் தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்களை ஒரு குறுகிய பகுதிக்குள் நெருக்கி வைத்த அந்நகரம், அவர்களுக்கு நல்ல வீடு கட்டித் தரும் எண்ணத்தோடு வீட்டுவசதி அதிகாரசபை ஒன்றை அமைத்தது. அதன் தலைமையில் அமர்ந்த முதல் கறுப்பர் ராபர்ட் டெய்லர், வீடுகள் நகரெங்கும் பரவலாக அமையவேண்டும் என்று வாதாடி, நகரசபை இணங்காததால் 1950இல் பதவி துறந்தார். அவர் மறைந்தபின் அவர் பெயரையே சூட்டி, அவர் விரும்பாத விதத்திலேயே கட்டினார்கள்: 16 மாடிகள் கொண்ட 28 கோபுரங்கள், ஒரே வரிசையாக இரண்டு மைல் நீளம், 1962இல் முடிந்தன. அதே ஆண்டில் அவற்றின் பக்கத்தில் அகன்ற விரைவுச்சாலை ஒன்று திறக்கப்பட்டு, அப்பகுதியை மேற்கிலிருந்து அறுத்துவிட்டது. கோபுரங்களுக்கு இடையே புல்வெளி ஏராளமாக விடப்பட்டிருந்தது. ஆனால் கடையில்லை, தெருவில்லை, ஜன்னலிலிருந்து குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்கும் தூரத்தில் ஒரு திண்ணையில்லை. 2007க்குள் அத்தனையையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். வெற்றிடம் மட்டும் இருந்தால் போதும் என்று எவரேனும் என் பேச்சிலிருந்து பொருள்கொண்டால், அவருக்கு இந்தக் கோபுரங்களே பதில். பலர் கால் பட்டுப் பலர் கண் படும் இடமே பொது இடம். மற்றது வெறும் வெட்டவெளி.

பிற்காலத்துச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரயில்வே யார்டும் கார் நிறுத்துமிடமுமாய்க் கிடந்த பள்ளத்தின்மேல் கூரையிட்டு, அக்கூரையின்மேல் மண் பரப்பி அமைத்த மில்லெனியம் பார்க் 2004இல் திறக்கப்பட்டது. அதில் ஃபிராங்க் கெரி வடிவமைத்த இசையரங்கம், உயரக் கட்டுப்பாட்டைத் தாண்டி எழுந்தமையால், அது கட்டடமன்று, சிற்பம் என்று வகைப்படுத்தினார்கள்! வார்டு காத்த வரிக்கு அவர் மறைந்து 90 ஆண்டு கழித்தும் அவ்வளவு மரியாதை இருந்திருக்கிறது. திரைப்பட இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தம் செலவில் ஏரிக்கரையில் அருங்காட்சியகம் கட்ட முன்வந்தபோது, பூங்காக்களின் அபிமானிகள் அமைத்த சங்கம் ஒன்று பொதுப் பொறுப்புக் கோட்பாட்டைக் காட்டி வழக்காடியது. 2016இல் அவர் அந்த எண்ணத்தைக் கைவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார். அப்போது மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். ஆனால் தெற்கே ஜாக்சன் பார்க்கில் 19 ஏக்கரில் முன்னாள் ஜனாதிபதி ஒபாமாவின் பெயரால் மையம் ஒன்று எழுப்ப முற்பட்டபோது தொடுத்த வழக்குகள் வெற்றிபெறவில்லை. 2021இல் பணி தொடங்கியது. 1919இல் கல்லெறிந்து ஒதுக்கப்பட்ட ஜனங்களின் பேரப்பிள்ளைகள் வாழும் பகுதிக்கு ஒரு பெருமை வருகிறது என்பதைக் காணும்போது, வார்டின் பக்கம் நிற்கும் என் மனமே சற்று தடுமாறுகிறது என்பதை இந்த அவையில் மறைக்க விரும்பவில்லை.

நான் சிகாகோவுக்குச் சென்றது நம் ஆடி மாதத்துக்கு ஒத்த காலத்தில். மாலை ஆறு மணி இருக்கும். வெயில் இன்னும் தாழவில்லை. வார்டின் பழைய கோபுரக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுச் சாலையின் மறுபக்கம் வந்தேன். அங்கே, மில்லெனியம் பார்க்கில், கருங்கல் பாவிய பரந்த தளம் ஒன்றில் பாதம் நனையும் அளவே நீர் பரவியிருக்கிறது. இரு முனைகளிலும் 50 அடி உயரத்தில் கண்ணாடிக் கற்களால் ஆன இரு தூண்கள். ஒவ்வொன்றிலும் அந்நகரத்து மனிதர் ஒருவரின் முகம் பெரிதாகத் தெரிகிறது. அப்படி ஏறத்தாழ 1,000 பேரின் முகங்கள் மாறிமாறி வருமாம். நான் பார்த்தபோது தெரிந்தது தலை நரைத்த ஒரு கறுப்பின மாதின் முகம். அம்மையார் கண்ணை மெல்ல மூடித் திறந்தார், உதடு குவிந்தது, குவிந்த வாயிலிருந்து நீர் ஒரு தாரையாகப் பாய்ந்தது. அதற்காகவே காத்திருந்த பிள்ளைகள் கூவிக்கொண்டு கீழே ஓடினார்கள். எந்தெந்தத் தேசத்துப் பிள்ளைகள் என்று பிரித்தறிய முடியாதபடி அத்தனை பேரும் தலைமுதல் கால்வரை நனைந்திருந்தார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு தாய், தன் மகனைப் பிடித்திழுத்துத் துப்பட்டாவால் தலையைத் துவட்டினாள். துவட்டி முடிவதற்குள் அவன் திமிறிக்கொண்டு மறுபடியும் தண்ணீருக்குள் ஓடிவிட்டான்.